தோளில் இரண்டு தட்டு

இல்லை, சிரிக்காதீர்கள். அந்த எண்ணெய் வாசனையை நீங்கள் முகர்ந்திருந்தால் இப்படிச் சிரிக்க மாட்டீர்கள். சரி, முதலிலிருந்தே சொல்கிறேன். நடுவில் மட்டும் கேள்வி கேட்காதீர்கள், எனக்குக் கோர்வை போய்விடும்.

குற்றாலத்தில் ஒரு பழைய லாட்ஜை முதியோர் இல்லமாக மாற்றியிருக்கிறார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள அங்கே பயிற்சி தருகிறார்கள், முடித்தால் உடனே வெளியே வீடுகளில் வேலை என்று கேள்விப்பட்டு, சிவகிரியிலிருந்து பஸ் ஏறிப் போய் இறங்கினேன். சாரல் காலம். பட்டப்பகலிலேயே மாடிப்படியில் லைட் போட வேண்டியிருந்தது. கதவுகளில் லாட்ஜ் ரூம் நம்பர்கள் அப்படியே இருந்தன. பின்பக்க முற்றத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு கல். அருவிக்குப் போகுமுன் எண்ணெய் தேய்த்துக்கொள்வதற்காக லாட்ஜ் காலத்தில் போட்டது. கன்னங்கரேலென்று இருக்கும். சாரல் அதன்மேல் விழுந்தால் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும்.

பயிற்சி கொடுத்தவர் நிர்மலாதேவி சிஸ்டர். முதல் நாளே ஒன்று சொன்னார்.

"வாதம் வந்தவங்களுக்கு ஒரு பக்கம் செத்துப்போயிருக்கும். நல்ல கை ஒண்ணுதான் மிச்சம். படுக்கைப் புண்ணு வராம ஆளைத் திருப்பும்போது அந்தக் கை ஒடம்புக்கு அடியில மாட்டிரக் கூடாது. முன்னால எடுத்து வச்சு, மணியக் கையில குடுத்துட்டுத்தான் நகரணும். அந்தக் கைதான் அவங்களுக்கு வாய்."

சாரலில் அடிக்கடி கரண்ட் போகும் என்பதால் அங்கே எல்லார் கட்டிலிலும் பித்தளைக் கைமணிதான்.

என்னிடம் ஒப்படைத்தது பரமசிவம் அண்ணாச்சியை. பட்டாளத்தில் இருந்தவர். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஆமாம் என்றால் இடது கைச் சுண்டுவிரலைத் தூக்குவார். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் இடது கையாலேயே ஒரு சல்யூட் வைப்பார். பாதி வாயால் சிரிப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சிஸ்டர், "இது படிச்சு வராது. படுத்துத்தான் வரும். யாரு பேஷண்டாப் படுக்கிய?" என்று கேட்டார்.

"புவனேஷ் படுப்பான் சிஸ்டர். சும்மா கெடக்கதுல அவன் கெட்டிக்காரன்," என்றாள் சங்கரேஸ்வரி. என்கூடப் பயிற்சி எடுத்தவள். அவள் அப்பா இதே கட்டடத்தில் லாட்ஜ் வாட்ச்மேனாக இருந்தவர்.

"ஏட்டி, நீ படேன்," என்றேன்.

"நான் திருப்புதேன்லே. உன்னைப் புரட்டதுக்கு ஆளு வேணும்லா."

பரமசிவம் அண்ணாச்சிக்குப் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. சுவரை ஒட்டிய கட்டில். என் வலது கையையும் காலையும் துணியால் லேசாகக் கட்டினார்கள். இடது கையில் மணி. பேசக் கூடாது. கடைசியில் சிஸ்டர் என் கண்ணையும் கட்டினார்.

"கண்ணு தெரிஞ்சா நீ தயாராயிருவ. யாரு வாரா, எங்க தொடப்போறான்னு தெரியாமக் கெடந்து பாரு. அப்பத்தான் நாளைக்கு ஒருத்தரத் தொடுமுன்ன அவுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுவ."

சிஸ்டர் அடுத்த ரூமுக்குப் போனார். "வெந்நி எடுத்துட்டு வாரேன். ஓடிராத," என்று சங்கரேஸ்வரியும் படியிறங்கினாள். ஜன்னலுக்கு வெளியே சாரல் இரைந்தது. பக்கத்தில் அண்ணாச்சியின் மூச்சு. எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

கதவு திறந்தது.

செருப்பில்லாத கால். ஈரக் கால். தரையில் ஒட்டி ஒட்டி எடுத்து வருகிற சத்தம். வெந்நீர் வருகிறது என்று நினைத்தேன். வந்தது எண்ணெய் வாசனை. மிளகு போட்டுக் காய்ச்சி, பல நாள் வெயில் படாமல் கிடந்த எண்ணெய்.

தோளில் இரண்டு தட்டு.

தட். தட்.

அவ்வளவுதான். ஒரே புரட்டு. முகம் சுவரில் போய் மோதியது. முதுகில் ஒரு தலையணை அழுத்தமாகச் செருகப்பட்டது. என் இடது கை, மணியோடு, விலா எலும்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

விளையாட்டு போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

வாய் திறக்கவில்லை.

வலது கையை உதறினேன். துணி லேசாகத்தான் கட்டியிருந்தது, உதறினால் கழன்றுவிடும். ஆனால் உதறுவதற்கு அங்கே கையே இல்லை. தோளுக்குக் கீழே எனக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒன்று கனத்துக் கிடந்தது. சுவரில் கசிந்த ஈரம் மூக்கில் ஏறியது. அடியில் மாட்டிய கைக்குள் மணி ஒரு 'கிண்' கூடச் சொல்லவில்லை. ஈரக் கால்கள் நிதானமாகக் கதவு வரைக்கும் போயின. வேலை முடிந்த ஆள் போகிற மாதிரி.

மூச்சு சுருங்கிக்கொண்டே வந்தது.

அப்போது ஒரு மணி அடித்தது. விடாமல், வெறி பிடித்த மாதிரி.

என்னுடையது இல்லை. பரமசிவம் அண்ணாச்சியுடையது.

சங்கரேஸ்வரி ஓடிவந்து என்னைத் திருப்பிப் போட்டபோதுதான் எனக்குக் குரல் வந்தது. அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது? சிஸ்டர் வந்து, "கை மரத்துப்போயிருக்கும். நீயே புரண்டிருப்ப," என்றார். சொல்லிக்கொண்டே என் சட்டைத் தோளைப் பார்த்தார். ஐந்து விரலும் எண்ணெயில் பதிந்திருந்தன. அவர் முகம் மாறியது. பஞ்சை நனைத்துத் துடைத்தார்.

நான் அண்ணாச்சியிடம் குனிந்து கேட்டேன். "அவரு ஒங்ககிட்டயும் வாராரா?"

சுண்டுவிரல் மேலே வந்தது.

"மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொறவா?"

மறுபடியும் வந்தது. அண்ணாச்சி மத்தியானத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் திருப்பியதாக நினைத்துக்கொண்டார்கள். அந்த வேலையில் அப்படித்தான், யார் திருப்பினது என்று யாரும் கேட்பதில்லை. ஆள் திரும்பியிருந்தால் ஒரு வேலை மிச்சம்.

அன்று சாயங்காலம் பின்பக்கக் கல்லருகே நின்று சங்கரேஸ்வரி மெதுவாகச் சொன்னாள்.

"இந்தக் கல்லுல ஆளப் படுக்க வச்சு எண்ணெ தேய்ச்சு விட்டவரு பேரு மாடன். எங்கப்பாக்கு நல்லாத் தெரியும். அதிகம் பேச மாட்டாராம். குப்புறக் கெடக்க ஆளு திரும்பணும்னா தோள்ல ரெண்டு தட்டு. அதான் கணக்கு."

"பொறவு?"

"லாட்ஜு போயி முதியோர் இல்லம் வந்திச்சு. நல்ல பலமான ஆளுன்னு அவரையே வேலைக்கு வச்சிட்டாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. வாதம் வந்த ஒருத்தரு தோள்ல ரெண்டு தட்டு தட்டி, சுவத்துப் பக்கம் புரட்டிப் போட்டுட்டுக் கீழ போயிருக்காரு. நல்ல கை அடியில. திரும்ப வந்து பாத்தா மூச்சில்ல. அதுலருந்து மாடன் சோறு எறங்காமக் கெடந்து அடுத்த சாரலுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு. பொறவுதான் சிஸ்டரக் கூப்பிட்டு இந்த டிரெயினிங்கே ஆரம்பிச்சாங்க."

கல்லைப் பார்த்துக்கொண்டே அவளே சொன்னாள். "கெட்ட ஆளு இல்லலே. வேலை செய்யத்தான் வாராரு."

"செத்தவருக்கு யாருட்டி டிரெயினிங் குடுக்க?" என்றேன். சும்மா சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை.

சிஸ்டரிடம் அண்ணாச்சியின் கட்டிலை வேறு ரூமுக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். "எங்க மாத்த? எல்லா ரூமும் ரொம்பிக் கெடக்கு. ஒரு ஆளு மாத்தி ஒரு ஆளு கூட இருங்க. என்னால ஆனது அவ்வளவுதான்," என்றார். அவருக்கும் பயம்தான் என்று தெரிந்தது. நானும் சங்கரேஸ்வரியும் மாறி மாறி உட்கார்ந்தோம். ஆனால் பயிற்சி முடியப்போகிறது. நாங்கள் போனபிறகு? நான் பையை எடுத்து வைப்பதைப் பார்த்தால் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொள்வார். அவரை நான் எப்படி விட்டுவிட்டுப் போக? நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான் அதைச் செய்தேன்.

மத்தியானம். மேகம் ஜன்னல் வரைக்கும் இறங்கியிருந்தது. அண்ணாச்சிக்குக் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் வாசனை வந்தது. கதவு திறக்கவில்லை, வாசனை மட்டும்.

எழுந்து காலிக் கட்டில் பக்கம் போனேன். ஒரு போர்வையை ஆள் மாதிரி சுருட்டிப் போட்டேன். வெறும் காற்றைப் பார்த்துப் பேசினேன்.

"மாடன் அண்ணாச்சி, கோவப்படாதீய. ஒங்களுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல. நான் சொல்லுதேன், பாருங்க. தொடுமுன்ன ஒரு வார்த்தை சொல்லணும். வெடுக்குனு புரட்டக் கூடாது. தோளு, இடுப்பு, ரெண்டையும் சேத்துப் பிடிச்சு மெதுவா. நல்ல கைய மொதல்ல வெளிய எடுத்துரணும். முன்னால ஒரு தலையணை. முட்டிக்கு நடுவுல ஒண்ணு. குதிகாலு படுக்கையில படாம ஒண்ணு. மணி கையில இருக்கணும்."

எனக்கே சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. பரமசிவம் அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலிக் கட்டிலின் விரிப்பில் இரண்டு பள்ளம் விழுந்தது. யாரோ உள்ளங்கைகளை ஊன்றிக் குனிந்து பார்ப்பது போல.

சுருட்டிய போர்வை திரும்பியது.

மெதுவாக. தோளும் இடுப்பும் சேர்ந்து.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, எனக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. "அப்படித்தான் அண்ணாச்சி!" என்று கத்தினேன். பரமசிவம் அண்ணாச்சி எனக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

சான்றிதழ் கொடுக்கிற நாள் வந்தது. கீழ் ஹாலில் கூட்டம். எல்லாரும் வந்தே ஆக வேண்டும் என்றார்கள். "செத்த நேரம்தானலே," என்றாள் சங்கரேஸ்வரி. நானும் தைரியமாகத்தான் இறங்கினேன். சிஸ்டர் என் பெயரைக் கூப்பிட்டார். கையை நீட்டினேன்.

மேலே மணி அடித்தது.

படியில் ஓடினேன். பாதிப் படியில் மணி நின்றது.

ரூமில் யாரும் இல்லை. பரமசிவம் அண்ணாச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகில் தலையணை, சரியான சாய்வில். முட்டிக்கு நடுவில் ஒன்று. குதிகால் படுக்கையில் படவே இல்லை. நல்ல கை வெளியே எடுக்கப்பட்டு முன்னால் நீண்டிருந்தது. உள்ளங்கையில் மணி. அதைச் சுற்றி விரல்களை யாரோ அக்கறையாக மடக்கிவிட்டிருந்தார்கள். பளபளவென்று, எண்ணெயில்.

என் பின்னாலேயே ஓடிவந்த சிஸ்டர் வாசலில் நின்று கிசுகிசுத்தார். "யாருப்பா இவ்வளவு சரியாத் திருப்பினது?"

நான் கட்டிலைச் சுற்றிச் சுவர்ப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

முன்னால் ஒரு தலையணை என்று சொல்லியிருந்தேன். கைக்கு அடியில், தாடைக்குக் கீழே என்று சொல்லவில்லை.

அது முகத்தின்மேல் இருந்தது.

வயசானவர், தூக்கத்தில் போய்விட்டார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சிஸ்டர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது தென்காசியில் ஒரு வீட்டில் வேலை. வள்ளித்தாய் அம்மா, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். மகன் துபாயில். வீட்டில் பகல் முழுக்க நானும் அவரும்தான். நன்றாகப் பேசுவார், என்னைக் கேலி செய்வார். கோயில் மணி கேட்கிற வீடு, வெளிச்சமான ரூம், சாரலும் இங்கே அவ்வளவாக இல்லை. எல்லாம் விட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் தட்டு கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் திருப்பவில்லை. அவராலும் தனியாகத் திரும்ப முடியாது.

"யாரும்மா திருப்பினது?" என்றேன்.

"ஒங்கூட வேலை பழகுதாருல்லா, அவருதான். தங்கமான மனுசன், திருப்பட்டுமாம்மான்னு கேட்டுட்டுத்தான் தொடுதாரு. ஆனா கையக் கழுவிட்டு வரச் சொல்லுய்யா, எண்ணெ வாடை அடிக்கி. தலையணையும் ரொம்ப ஏத்தி வைக்காரு, மூச்சு முட்டுது."

அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அவர் கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்து இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். தலையணையை எங்கே வைக்க வேண்டும் என்று இப்போது சத்தமாக ஒரு வார்த்தை சொன்னால் மாடன் அண்ணாச்சி கற்றுக்கொள்வார், எனக்குத் தெரியும். ஆனால் அன்றும் எல்லாம் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். இன்னும் என்னென்ன சொல்லாமல் விட்டிருக்கிறேனோ? சொல்லச் சொல்ல அவர் என்னை விட்டுப் போகவும் மாட்டார். சொல்லாமல் விட்டால், நான் கொஞ்சம் கண் அசந்தாலும் இந்த அம்மா கதி?

என் சட்டைத் தோள் இப்போது ஈரமாக இருக்கிறது. பாடம் கேட்க வந்து நிற்கிறார் போல.

சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் அவருக்குச் சொல்லிக் கொடுப்பீர்களா, மாட்டீர்களா?