வெயில் படாத சுவர்

வீட்டைப் பரிசோதித்தவர் தந்த அறிக்கையில், வெப்பம் காட்டும் கேமராவில் எடுத்த எல்லாப் படங்களும் நீலமும் பச்சையுமாக இருந்தன. மாடிப் படுக்கையறைச் சுவரில் மட்டும், தரையை ஒட்டி, ஓர் ஆள் உட்கார்ந்த உயரத்துக்குச் சிவப்பு.

வாங்கப்போகும் அந்த வீட்டின் காலிக் கூடத்தில் நின்றபடியே அவள் அவருக்குப் போன் போட்டாள். புதுப் பெயிண்ட் வாசனை தொண்டையில் கசந்தது. மாலை வெளிச்சம் ஜன்னலை விட்டு மெல்ல நழுவிக்கொண்டிருந்தது.

"கேமராவுல நீலம்னா குளிர்ச்சிம்மா, சிவப்புன்னா சூடு. உள்ள வயரோ வெந்நீர்க் குழாயோ போனா அப்படிக் காட்டும். அந்தச் சுவத்துல ரெண்டும் இல்ல. யாராவது சாஞ்சு உக்காந்துட்டு எழுந்தாலும் கொஞ்ச நேரம் அப்படித்தான் தெரியும். உங்க வீட்டு ஆளுங்க யாரோ வந்திருக்காங்கன்னு விட்டுட்டேன்."

"எனக்கு யாரு சார் இருக்கா? சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். பிறகு, "நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்கம்மா."

யோசிக்க எங்கே நேரம்? இருட்டுவதற்குள் தரகருக்குச் சரி சொல்லாவிட்டால் வீடு வேறு கைக்குப் போய்விடும். புருஷன் போனதிலிருந்து அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் படுக்கை. "வீடு எப்ப அமையும்?" என்று அண்ணி சிரித்துக்கொண்டே கேட்கிறாள். அதற்கு நாலு திட்டுத் திட்டியிருந்தாலே தேவலை.

மாடிக்குப் போனாள். குனிந்து சுவரில் கை வைத்தாள். காய்ச்சல்காரன் முதுகு மாதிரி சுட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"வெயில் பட்டிருக்கும், வேறென்ன!" என்று வாய்விட்டே சொன்னாள். வெயிலே படாத பக்கம் அது. அவளுக்கும் தெரியும்.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் மனுஷச் சூடு மேலே பட்டு எத்தனை நாளாயிற்று! அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். கேட்க ஆளில்லை என்பதால் சத்தமாகவே அழுதாள். மெல்ல மெல்ல இடது தோள் இதமாயிற்று.

தரகருக்குப் போன் போட்டாள். "வாங்கிக்கிறேங்க. இனிமே இது என் வீடு."

போனை அணைத்தாள். இருட்டிவிட்டது. சுவர் சில்லென்று ஆகியிருந்தது. சிவப்பு இருந்த இடத்தைத் தடவினாள். அங்கேயும் சில்லென்றுதான் இருந்தது.

யாரோ எழுந்துவிட்டார்கள்.

அறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

வெறுங்கால் நடை. நிதானமாக. திரும்பி, அவளை நோக்கி.

காதோரம் ஒரு பெருமூச்சு.

"அப்பாடா."

அவள் இடது தோளில், சூடாக, கனமாக, ஒரு தலை சாய்ந்தது.