வத்தல் அள்ளிய ஸ்கொலாஸ்திக்கா

நாகஜோதிக்கு நாடகத்தில் ஒரே ஒரு பெரிய வசனம்தான். அதையும் பேசவிடக் கூடாது என்று தெருவே கிளம்பிவிட்டது.

திருச்சுழிப் பக்கம் இருக்கும் அவள் ஊரில் புனித ஸ்கொலாஸ்திக்கா கோயில் இருக்கிறது. ஸ்கொலாஸ்திக்கா, ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் இத்தாலியில் ஒரு கன்னியர் மடத்துக்குத் தலைவி. பார்க்க வந்த அண்ணன் உடனே கிளம்புகிறேன் என்றதும், அவரைத் தங்கவைக்கச் சொல்லி இவர் கைகூப்பி வேண்டினாராம். இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, அண்ணனால் வாசலைத் தாண்ட முடியவில்லையாம். கோயில் பீடத்திலும் அவர் சிலையாக முழங்காலிட்டு, கண்மூடி வேண்டிக்கொண்டுதான் இருப்பார்.

வானம் பார்த்த பூமிக்கு இதைவிடப் பொருத்தமான புனிதர் உண்டா? ஆனால் ஒரு சிக்கல். திருவிழா பிப்ரவரி பத்தாம் தேதி. அப்போதுதான் ஊர் மிளகாய் முழுக்கக் கோயில் முன்னாலிருக்கும் சிமெண்டுக் களத்தில் காயும். ஒரு மழை போதும், வருடம் முழுக்கப் பட்ட பாடு பூஞ்சை பிடித்துப் போகும்.

நாகஜோதி வீட்டில் கும்பிடுவது அய்யனாரை. ஆனாலும் அவள் குரல் மூன்று தெரு தாண்டிக் கேட்கும் என்பதால், பங்குத்தந்தை இன்பராஜ் அவளையே ஸ்கொலாஸ்திக்கா ஆக்கினார். முந்தின நாள் ஒத்திகையில், "ஆண்டவரே, மழையைத் தாரும்!" என்று அவள் கத்த, தெற்கே நிஜமாகவே இடி உறுமியது. அவ்வளவுதான், ஊர் மிரண்டுவிட்டது.

திருவிழா அன்று மாலையும் வானம் கறுத்துக் கிடந்தது. நாடகம் தொடங்கும் முன்பே பக்கத்து வீட்டுச் சுந்தராம்பாள் அத்தை மேடையேறிவிட்டார்.

"ஏத்தா நாகஜோதி, நீ மழை கேட்டு வேண்டாத. ஒன் வாயி சும்மா இல்ல. என் மொளகா வத்தலு பூராவும் களத்துலதான் கெடக்கு."

"இது நாடகம்தான அத்த!"

"நேத்தும் நாடகம்தான? இடி இடிக்கல?"

"மழை வராம அண்ணன் எப்படிம்மா தங்குவாரு?" என்றார் பங்குத்தந்தை.

"அவுகளுக்குக் காய்ச்சல்னு சொல்லிருங்க சாமி!" என்றது கூட்டம்.

நாகஜோதிக்கு அழுகை முட்டியது. ஒரு மாதமாக ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்த வசனம்! ஆனால் அந்த மிளகாய்ச் செடிகளுக்கு அத்தை குடம் குடமாகத் தண்ணீர் சுமந்ததும் அவளுக்குத் தெரியும்.

"சரி அத்த. களத்துல ஒத்த வத்தல் கெடந்தாலும் நான் கையக் கூப்ப மாட்டேன். எல்லாரும் வாங்க, அள்ளுவோம்!"

வெள்ளை முக்காட்டோடு அவள் மேடையிலிருந்து குதித்துச் சாக்கை எடுத்தாள். பங்குத்தந்தை அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டார். மேளக்காரர்கள் மேளத்தை இறக்கி வைத்தார்கள். அண்ணன் வேடம் போட்ட அழகுராஜா, பஞ்சுத் தாடியோடு சொளகால் வாரி வாரிக் கொட்டினான். நெடி ஏறி ஊரே தும்மியது. அரை மணி நேரத்தில் கடைசிச் சாக்கும் கோயிலுக்குள் போய்ச் சேர்ந்தது.

நாடகம் தொடங்கியது.

"தங்கையே, நான் விடைபெறுகிறேன்" என்றான் அழகுராஜா.

நாகஜோதி முழங்காலிட்டுக் கைகூப்பினாள். வத்தல் அள்ளிய கையால் கண்ணைத் துடைத்திருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

"எப்படி உருகி வேண்டுது பாரு பிள்ள!" என்று முன்வரிசை நெகிழ்ந்தது.

"ஆண்டவரே, மழையை... ஆச்சூ... தாரும்!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேகம் மெல்ல விலகி, வெயில் எட்டிப் பார்த்தது.

அழகுராஜா விழித்தான். மழை இல்லாமல் எப்படித் தங்குவது? அவன் கண்ணும் பயங்கரமாக எரிந்தது. "தங்கையே, நான் போகல. எனக்குப் பாதையே தெரியல!" என்று பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். கைதட்டல் களத்தை அதிரவைத்தது.

சுந்தராம்பாள் அத்தை மட்டும் தட்டவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஏத்தா, முதுகொடிய அள்ளியிருக்கோம். ஒரு தூத்தலாச்சும் போட வேணாமா? இன்னொருக்கா நல்லாச் சத்தமா வேண்டு!"