நெருப்புக்கு முகம் கொடுத்தவள்

“அண்ணை... அண்ணை! கொஞ்சம் நிப்பாட்டுங்கோ... மீன் பழுதாகப் போகுது!”

உடுவில் தெருவோரத்து வெல்டிங் கடைக்குள் மழையோடு மழையாக ஓடிவந்தான் ஜெனுஷன். அவனுடைய மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம் முறிந்து, பெட்டி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மயிலிட்டியில் விடியற்காலை ஏற்றிய மீன். ஐஸ் உருகத் தொடங்கிவிட்டது.

கடைக்குள் நீல உடுப்போடு குந்தியிருந்த ஆள் திரும்பவில்லை. முகம் முழுவதையும் கறுப்பு மாஸ்க் மூடியிருந்தது. கை நுனியில் வெள்ளை வெளிச்சம் சீறியது... ஜெனுஷன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“கண்ணை மூடுங்கோ! வெறுங்கண்ணாலை உதைப் பார்க்கக் கூடாதெண்டு தெரியாதே?”

பெண் குரல்!

வெளிச்சம் அணைந்தது. மாஸ்க் மேலே உயர்ந்தது. உள்ளே... இரண்டு கண்கள். வியர்வையில் நனைந்த இமைகள். கோபத்தில் இன்னும் பெரிதாகிப்போன கருவிழிகள்.

அவனுக்கு மீன் மறந்துபோனது.

“நான் அண்ணையோ?”

“இல்லை... அது... மாஸ்க் போட்டிருந்தபடியால்...”

“மாஸ்க் போட்ட ஆக்களெல்லாம் உங்களுக்கு அண்ணையே?”

“இனிமேல் அப்படிக் கூப்பிடமாட்டன். சத்தியமா... மாட்டவே மாட்டன்.”

அவன் சொன்ன வேகத்தில் நிரோஜாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். தொழில்நுட்பக் கல்லூரியில் இருபத்திரண்டு பெடியன்களுக்கு நடுவே ஒரேயொரு பெண்ணாக இருந்து வெல்டிங் படித்தவள். கடை திறந்த இரண்டு வருடத்தில், “முதலாளி எங்கை தங்கச்சி?” என்று கேட்டவர்கள்தான் அதிகம். இவனோ நேரே அண்ணையாக்கிவிட்டான்...

கால் மணித்தியாலத்தில் சட்டத்தை ஒட்டிக் கொடுத்தாள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனான்.

அடுத்த நாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றான்.

“என்ன, வெயிலே இல்லாத நாளிலை ஸ்டைலோ?”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். இரண்டு கண்களும் சிவந்து, வீங்கி, நீர் வடிந்துகொண்டிருந்தன.

“இரவு முழுக்க கண்ணுக்குள்ளை மண் கொட்டினமாதிரி. இப்பதான் மருந்து விட்டுக்கொண்டு வாறன்.”

நிரோஜா கிட்ட வந்து பார்த்தாள். ஆனாலும் விடவில்லை. “நெருப்பைப் பார்க்க வேண்டாமெண்டு சொன்னனான்தானே?”

“நெருப்பை ஆர் பார்த்தது...?”

அவள் சட்டென்று திரும்பிக்கொண்டாள். அலுமாரிக்குள் கிடந்த தன் பழைய மாஸ்க்கை எடுத்து அவன் கையில் திணித்தாள். “இனி இஞ்சை வாறதெண்டால் இதைப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ.”

அவன் வந்தான். மீன் விற்று முடிந்ததும் ஒவ்வொரு நாளும் வந்தான். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பிள்ளைபோல ஓரமாக நின்றான். “இதுக்குள்ளாலை ஒண்டும் தெரியேல்லை... உம்மையும் தெரியேல்லை,” என்று முறைப்பாடு வேறு! அவன் வாயில் எப்போது ‘நீங்கள்’ போய் ‘நீர்’ வந்தது? நிரோஜாவுக்கே நினைவில்லை.

ஐப்பசியில் அவனுடைய அம்மா சீலா அவனையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தா. கணவரைக் கடலுக்குக் கொடுத்து, தனியாக மகனை வளர்த்த மனுசி. நிரோஜாவின் அப்பா நேசையா தேத்தண்ணி கொடுத்து உபசரித்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது.

“பிள்ளை வடிவாயிருக்கிறா,” என்றா சீலா. “ஆனால் கலியாணத்துக்குப் பிறகு உந்த வேலை வேண்டாம். நெருப்புக்கு முன்னாலை நிண்டு முகம் கருகினால் சனம் என்ன கதைக்கும்?”

நிரோஜா ஜெனுஷனைப் பார்த்தாள். ‘சொல்லுங்கோ... ஒரு சொல்லாவது சொல்லுங்கோவன்...’

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்தாள். “முகம் கருகாமல் இருக்கத்தான் மாஸ்க் இருக்கு, அன்ரி. வேலையை விட ஏலாது. கலியாணத்தை விடலாம்.” பிறகு அவன் பக்கம் திரும்பி, “உங்களிட்டை இருக்கிற மாஸ்க்கைத் திருப்பித் தாங்கோ,” என்றாள்.

அறைக்குள் போன பிறகுதான் அழுதாள்.

அடுத்த நாள் மாஸ்க்கை ஒரு பெடியனிடம் கொடுத்தனுப்பினான். பிறகு மூன்று கிழமை... அவன் வரவில்லை. அவள் வாசலைப் பார்க்காமலிருக்கப் பழகினாள்.

ஒரு காலை தொலைபேசி அடித்தது. “நிரோஜா, வைச்சிடாதேயும். என்னிலை கோவம் இருக்கட்டும். புயல் வருதாம். வள்ளங்களை மேலை இழுக்கிற இரும்பு வண்டிலின்ரை அச்சு முறிஞ்சிட்டுது. இஞ்சை ஒரு வெல்டரும் வாறன் எண்டு சொல்லேல்லை. பதினொரு வள்ளம்...”

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்தாள். மெஷினையும் இரண்டு மாஸ்க்கையும் ஓட்டோவில் ஏற்றினாள்.

மயிலிட்டிக் கரையில் காற்று மண்ணை அள்ளி வீசியது. ஜெனரேற்றர் தயாராக இருந்தது. எந்த நேரமும் மழை கொட்டலாம். “தலைக்கு மேலை தறப்பாள் பிடியுங்கோ. ஒரு துளி விழக்கூடாது. அச்சை அசையாமல் பிடிக்க ஒராள் வேணும்.”

ஜெனுஷன் முன்னால் வந்தான். அதற்குள் அவனைத் தள்ளிக்கொண்டு சீலா வந்தா. “நீ தறப்பாளைப் பிடி. புயல் எப்படியெண்டு எனக்குத் தெரியும். நான் பிடிக்கிறன்.”

நிரோஜா இரண்டாவது மாஸ்க்கை அவவுக்கு மாட்டி, கையுறைகளைக் கொடுத்தாள்.

“ஒரே இருட்டாக் கிடக்குது, பிள்ளை...”

“நெருப்பு வந்தால் தெரியும், மாமி.”

மாமி! அன்ரி என்றுதான் சொல்ல நினைத்தாள்... சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிரோஜா அவசரமாக மாஸ்க்கை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

சீலா கண்ணாடிக்குள்ளால் பார்த்தா. கண்ணைக் கூசவைத்த வெளிச்சம் இப்போது ஒரு சின்னப் பச்சைப் பொட்டாகத் தெரிந்தது. அதற்குள் இரும்பு தண்ணீராகி, இன்னொரு இரும்போடு கலந்து, மெல்ல இறுகியது. அந்தப் பொட்டை ஒரு கை கோணாமல் நகர்த்திக்கொண்டு போனது. பொறி தெறித்தும் அந்தக் கை பின்வாங்கவில்லை. சீலாவின் கையும் அசையவில்லை.

முக்கால் மணித்தியாலம். அச்சு உறுதியாக ஒட்டிக்கொண்டது. வண்டிலை இழுக்கும் உழவு இயந்திரம் உறும, முதல் வள்ளம் மேலேறியது.

சீலா மாஸ்க்கைக் கழற்றி, நிரோஜாவின் முகத்தைக் கிட்ட வந்து பார்த்தா. “உவ்வளவு வேலை தெரிஞ்ச பிள்ளையை நான் சும்மா இருக்கச் சொன்னனான்... என்னிலை பிழை,” என்றுவிட்டு வள்ளங்களின் பக்கம் நடந்தா.

கடைசி வள்ளம் ஏறும்போது மழை விழத் தொடங்கியது. ஜெனுஷன் அவள் முன்னால் வந்து நின்றான்.

“அண்டைக்கு நான் வாய் திறக்கேல்லை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அம்மாவோடை சண்டை பிடிச்சனான். ஆனால் அண்டைக்குக் கதைச்சிருக்க வேணும்... உமக்கு முன்னாலை. இப்ப கதைக்கிறன். எனக்கு உம்மைப் பிடிச்சிருக்கு, நிரோஜா. உம்மடை வேலையோடை, உம்மடை கோவத்தோடை... அப்படியே.”

“கடை உடுவிலிலைதான் இருக்கும்!” உழவு இயந்திரச் சத்தத்தில் அவள் கத்த வேண்டியிருந்தது.

“இருக்கட்டும்! நான் தினமும் அங்கை வாறனான்தானே!”

“வேலை இருக்கிற நாளிலை சமையல் நீங்கள்தான்!”

“மீன் எண்டால் உம்மைவிட நல்லாச் சமைப்பன்! நீர் என்ன சொல்லுறீர்?”

அவள் மூச்சை இழுத்துக் கத்தினாள். “எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு!”

அந்தக் கணம் பார்த்து உழவு இயந்திரம் நின்றது. அவள் குரல் மட்டும் கரையெங்கும் கேட்டது. பதினொரு வள்ளத்துக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். சீலாவும்தான்.

நிரோஜாவின் காதுமடல் வரை சூடேறியது. ஆனாலும் தலை குனியவில்லை. மழை வழியும் அவன் கண்களை நேரே பார்த்து, இம்முறை அவனுக்கு மட்டும் கேட்கும்படி, இன்னொருமுறை சொன்னாள்.