பத்தாவது சொம்பு

மதியம் மூன்று மணிக்கு ஆட்டோவை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, லில்லி தன் அக்கா வீட்டுக்குள் நுழைந்தாள். அக்கா எஸ்தர் செத்து நாற்பது நாள். அக்கா புருஷன் முனிரத்தினத்தை இன்றைக்கு எப்படியாவது மனநல டாக்டரிடம் கூட்டிப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் மகள் ஸுஷ்மாவுக்கு அப்பனும் இல்லை.

பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம். இந்த வீட்டில் மட்டும் ஈர வாடை அடித்தது.

எஸ்தர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவள். கையில் சாயம் போகவில்லை, போகவில்லை என்று சொம்பு சொம்பாக ஊற்றித் தோல் உரியக் கழுவுவாள். மாத்திரை போட்டால் அடங்கும். ஒருநாள் மாத்திரை தீர்ந்துபோய் ஏழு சொம்பு ஊற்றினாள். அன்றைக்கென்று பார்த்து, ஒன்பதுக்கு மேல் சீட்டே இல்லாத ஒற்றை நம்பர் லாட்டரியில் ஏழு விழுந்து தொலைத்தது! அவ்வளவுதான், மறுமாத மாத்திரையை இந்தப் பாவி முனிரத்தினம் சாக்கடையில் கொட்டினான். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சொம்பை எண்ணி, சீட்டு வாங்க ஓடினான். கடைசியில், கிணற்றடிக்குக் கை கழுவப் போனவளைக் கிணற்றுக்குள்ளிருந்து பிணமாகத்தான் தூக்கினார்கள்.

முனிரத்தினம் குளியலறைக் கதவோரம் குந்தியிருந்தான். உதடு மட்டும் அசைந்தது.

"மாமா, எழுந்திருங்க. ஸுஷ்மா உங்கள கேட்டுக்கினே இருக்குறா."

"சும்மா இருமா. ஊத்திக்கினு இருக்குறா."

"யாரு?"

"உங்கக்காதான். ஒம்போதோட நிறுத்துவான்னு பார்த்தேன். பத்தும் தாண்டி ஊத்திக்கினே போறா. பத்துக்கு ஏதுமா சீட்டு?"

லில்லி கதவைத் தள்ளினாள்.

தொட்டி காய்ந்து கிடந்தது.

"யாருமே இல்ல மாமா, பாருங்க."

அவன் நிமிரவே இல்லை.

"முந்நூத்தி பதினொண்ணு."

"எங்கக்காவ எண்ணி எண்ணியே கொன்னுட்டியே, இன்னும் போதலையா உனக்கு?" என்று கத்தியவள் அழுதேவிட்டாள். அவன் கையைப் பிடித்து இழுத்தாள். மறுக்காமல் பின்னாலேயே வந்தான்.

ஆட்டோவில் உட்கார்ந்ததும் அவன் முகம் தெளிந்தது.

"இங்க தண்ணி சத்தம் கேக்கல லில்லி. பசிக்குதுமா."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. ஓடிப்போய்க் கதவைப் பூட்டினாள். சாவியை உருவினாள்.

உள்ளே தண்ணீர் விழுந்தது.

அது தறிச் சத்தம் இல்லை. தண்ணீரேதான்.

ஓட நினைத்தாள். அவளைக் கேட்காமலே உதடு அசைந்தது.

"ஒண்ணு."