தலை திருப்பிய கேமரா

சனிக்கிழமை மத்தியானம். அம்மா தேவகனி மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தார். முத்தையாபுரம் வீட்டில் பதினோரு வயது ஜெப்ஸியும் நான்கு வயதுத் தம்பி ஜெஃப்ரியும் மட்டும் இருந்தார்கள்.

ஜெப்ஸி ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்த்தாக வேண்டும் அவளுக்கு. போன வாரம் வாங்கிய கேமராவையும் அவள்தான் பொருத்தினாள். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று அம்மா கடையிலிருந்தே போனில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

‘க்ர்ர்ர்...’

அலமாரி மேலிருந்த கேமரா மெல்லத் தலையைத் திருப்பியது. அம்மாதான் பார்க்கிறார் என்று ஜெப்ஸி கையை ஆட்டினாள். பிறகு தண்ணீர் குடிக்க எழுந்தாள். கேமராவும் அவள் பின்னாலேயே திரும்பியது.

போனை எடுத்தாள். “அம்மா, நீதான கேமராவைத் திருப்புத?”

“நான் எங்க திருப்புனேன்ளா? கடையில ஒரே கூட்டம். இப்பதான் போனையே கையில எடுக்கேன்.”

ஜெப்ஸி போனைக் காதில் வைத்தபடியே கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கேமராவுக்குள்ளிருந்து ஒரு ஆளின் குரல் வந்தது.

“ஏய் குட்டி, உன் பேர் என்ன?”

“ஜெஃப்ரி! நீ எப்படி அதுக்குள்ள போன?” என்று ஆசையாகக் கேட்டான் தம்பி.

“வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?”

ஜெப்ஸி போனைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து தம்பியின் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையால் கேமராவின் வயரை வெடுக்கென்று பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது.

“கதவைத் தாப்பாள் போடுளா! யார் தட்டுனாலும் திறக்காத. இந்தா வாரேன்!” போனில் எல்லாவற்றையும் கேட்ட அம்மா கத்தினார்.

அம்மா வர பத்து நிமிடம் ஆனது. தெருவில் பைக் சத்தம் கேட்டாலே ஜெப்ஸிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பியை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“அந்த மாமா திரும்பப் பேசுவாரா?”

“மாட்டார்” என்றாள். அவளுக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை.

அம்மா உள்ளே வந்ததும் ஜெப்ஸிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “புது கேமராவுக்கெல்லாம் கம்பெனிக்காரங்க ஒரே பாஸ்வேர்டுதான் போட்டிருப்பாங்கம்மா. முதல்ல அதை மாத்தணும்னு அட்டையிலயே எழுதியிருந்துச்சு. நான் அவசரத்துல மாத்தலை. அதான் எவனோ உள்ள வந்துட்டான்.”

“சரி, விடு. வயரைப் பிடுங்குனேல்லா. போலீசுல சொல்லிருவோம்.”

ஜெப்ஸி சட்டென்று நிமிர்ந்தாள். “அம்மா... பொன்னுதுரை அண்ணாச்சி வீடு!”

எதிர்வீட்டு மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் அதே கேமராவை அவள்தான் பொருத்திக் கொடுத்திருந்தாள். அவர் மகள் ரம்யாவின் கைக்குழந்தை தூங்கும் தொட்டிலுக்கு நேரே. “நம்ம தெரு இன்ஜினியர்” என்று அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான் போய்ச் சொல்லட்டா?” என்றார் அம்மா.

“பொருத்துனது நான்தானம்மா. நானே சொல்லுதேன். நீ கூட மட்டும் வா.”

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். அந்தக் குரலுக்குப் பயந்ததைவிட அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க அதிகம் பயமாக இருந்தது.

உள்ளே போனதும் அப்படியே நின்றுவிட்டாள். தொட்டிலைப் பார்த்து வைத்த கேமரா இப்போது வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளைத்தான் பார்த்தது.

ஓடிப்போய் வயரைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். “நான் பாஸ்வேர்டு மாத்தலை அண்ணாச்சி. தப்பு என்மேலதான்.”

ரம்யா அக்கா குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள். அண்ணாச்சி கேமராவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீ சொல்லாம இருந்திருந்தா எங்களுக்கு எப்படிளா தெரியும்?” என்றார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காரு. சரி பண்ணத் தெரியுமா?”

“தெரியும்.”

கேமராவின் முதுகில் இருந்த சின்னத் துளைக்குள் ஊக்கு முனையை அழுத்திப் பழைய செட்டிங் எல்லாவற்றையும் அழித்தாள். வைஃபை பெட்டியின் பாஸ்வேர்டையும் மாற்ற வைத்தாள்.

“புதுசா என்ன வைக்கணும்? என் பேரையே வச்சிருவோமா?”

“அது கடை போர்டுலயே இருக்கே, அண்ணாச்சி! யாருக்கும் தெரியாததா வைங்க. எனக்கும் தெரியக்கூடாது.”

அண்ணாச்சி ரகசியமாகத் திரும்பி உட்கார்ந்தார். ஒற்றை விரலால் போனில் தட்டத் தொடங்கினார். “ஆர்... ஏ... எம்...”

“அப்பா, அது என் பேரு! தெருவுக்கே கேக்கு!” என்றாள் ரம்யா அக்கா.

அத்தனை நேரம் விறைத்துப்போயிருந்த ஜெப்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை வாங்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“முதல்ல இருந்து போடுங்க, அண்ணாச்சி. இந்தத் தடவை வாயை மூடிக்கிட்டு.”