மண்ணுக்குள் இருந்து வந்த போத்தல்

டென்மார்க்கில் பேய் கிடையாது என்பதை நீக்கிலாஸ் சட்டப்படி நிறுவியிருந்தான். பேயும் வெளிநாட்டுப் பிரஜைதான். உள்ளே வர விசா வேண்டும். உயிரோடிருக்கும் மனைவிக்கே பத்து மாதமாக விசா வராத நாட்டில், செத்தவர்களின் விண்ணப்பத்தை யார் பிரித்துப் பார்ப்பார்கள்? சில்க்போர்க்கில் அவனோடு ஒரே வீட்டில் இருந்த குலேந்திரன் அண்ணை, குடிக்குமுன் கிளாசில் விரலைத் தோய்த்து ஒரு சொட்டைத் தரையில் தெறிப்பார். ஒவ்வொரு முறையும் இந்தத் தீர்ப்பு வாசிக்கப்படும்.

“ஆருக்கு அண்ணை தெளிக்கிறியள்? கார்ப்பெட்டுக்கோ?”

“செத்ததுகளுக்கடா. முதல் சொட்டு அதுகளுக்குத்தான்.”

“அதுகள் கட்டுநாயக்கா எயர்போட்டையே தாண்டாதுகள். வீணாக்காமல் குடியுங்கோ.”

1987 அக்டோபர் கடைசியில், அலுமாரிக்குள் துணிகளுக்கு நடுவே நின்ற பிரெஞ்சு வைன் போத்தலில் ஒரு விரல் உயரம் குறைந்திருந்தது. வாயை மூடியிருந்த சிவப்பு அரக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

அது அவர்கள் வேலை செய்த மர ஆலையின் ஃபோர்மன் ஹென்னிங் கொடுத்தது. மனைவி வந்திறங்கும் நாளில் திறக்கச் சொல்லியிருந்தார். இருபத்தைந்து வருடத்துக்கு முன் பிரான்சில், ஒரு மலைச்சரிவில், இரண்டே ஏக்கர் திராட்சைத் தோட்டத்தை வைத்திருந்த விதவையிடம் அவர் நேரில் வாங்கியது. சரிவைக் குடைந்து கட்டிய அவர்களுடைய நிலவறை ஒரு மழையில் இடிந்து, உள்ளே நின்ற கணவனை மூடிவிட்டதாம். தோண்டி எடுக்கப் பதினொரு நாள். அவனைச் சுற்றிக் கிடந்த போத்தல்கள் எல்லாம் அரக்கு உடையாமலே காலியாக இருந்தனவாம். தூர மூலையில் இருந்தவை மட்டும் தப்பின. ‘மண்ணுக்குள் தாகம் அதிகம்’ என்று சொல்லித்தான் விதவை காசை வாங்கினாளாம். ஹென்னிங் சிரித்தார். நீக்கிலாசும் சிரித்தான்; ஃபோர்மன் சிரித்தால் சிரிப்பது ஆலை வழக்கம்.

“அண்ணை, என்ர போத்தலில கை வைச்சனீங்களே?”

“அரக்கு உடையாமல் குடிக்கத் தெரிஞ்சால் நான் ஏன்ரா பலகை அடுக்கிக்கொண்டு நிக்கிறன்?”

நியாயமான பதில். மறுநாள் இன்னொரு விரல் குறைந்தது.

மனைவி விமலராணியின் கடைசிக் கடிதம் அந்த மாதத் தொடக்கத்தில் எழுதப்பட்டது. ‘ஷெல்லுக்குப் பதுங்கிற பங்கர்க் குழியைத் திரும்பவும் துப்புரவாக்கி வைச்சிருக்கிறன். உள்ளுக்குப் போனால் மேலிருந்து மண் கொட்டுண்ணுது, வாயெல்லாம் மண். விசா என்ன மாதிரி?’ அதன்பின் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியது. டெனிஷ் செய்தியில் அதற்கு இருபது விநாடி கொடுத்தார்கள். ஊருக்குத் தொலைபேசி இல்லை, தபால் இல்லை.

அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் சலவைத்தூள் மணத்துக்கு அடியிலிருந்து இன்னொரு மணம் மெல்ல எழுந்து, சேர்ட்டுகளில் ஊறி, தலையணைவரை வந்து படுத்தது: மூடிய குழிக்குள் நாட்கணக்காக யாரோ மூச்சுவிட்ட ஈரமண்ணின் மணம். பழைய வைன் அப்படித்தான் மணக்கும் என்று ஹென்னிங் சொன்னார். மூடியிருக்கும்போதுமா என்று நீக்கிலாஸ் கேட்கவில்லை.

நவம்பரில் ஒரு நாள் பழுப்பு உறை வந்தது. விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. பின்னேரம் நாலு மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது. அண்ணை வேலைக்குப் போயிருந்தார். போத்தலை மேசையில் வைத்து, விளக்குக்கு நேரே திருப்பினான். நாலு விரல் மிச்சம்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கவே அது இறங்கியது.

மிக மெதுவாக, கூடவே ஒரு சத்தத்தோடு. ஹீட்டர் குழாயின் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தான். ஹீட்டர் அணைந்திருந்தது. தொண்டைக்குழி ஏறி இறங்கும் சத்தம். மிடறு. இடைவெளி. மிடறு.

ஒரு சொட்டு. அண்ணையைப் போலத் தரையில் தெளித்தால் குடிப்பது நிற்கும். அது அவனுக்குத் தெரிந்தது. ஆனால் தெளித்தால், விமலராணி செத்தவள் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

“நீ இல்லை,” என்றான் மேசையிடம். “ராணி அங்க சுகமாய் இருக்கிறாள். விசா வரும்.”

இருமல்.

மண் அடைத்த, வறண்ட இருமல். மேசைக்கு அந்தப் பக்கம். அவளுடையது.

அரக்கைக் கத்தியால் சுரண்டினான். தக்கை வந்தது. அதன் அடியில் அப்பியிருந்தது ஊரின் ஈரச் செம்மண். மிஞ்சியதைக் கிளாசில் ஊற்றினான். விரலைத் தோய்த்தான்.

“குடியம்மா.”

தெறித்தான். விழுந்த சத்தம் இல்லை. தரை காய்ந்தே கிடந்தது.

மறுபடி தோய்த்தான். தெறிக்குமுன், நீட்டிய விரலைக் குளிர்ந்த வாயொன்று கவ்வியது. நாக்கில் மண் நறநறத்தது. உறிஞ்சியது.

விடவில்லை.