வலி இல்லை என்று எழுதிய சீட்டு

கிரேன் ஓட்டுநர் உள்ளே வந்தார். டாக்டர் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. ஐந்து வாரமாக ஆறாத புண். இரண்டு முறை பென்சிலின் ஊசி போட்டாகிவிட்டது. பலன் இல்லை.

"இப்படியே போனா கிரேன்ல ஏற முடியாது டாக்டர். வேலை போயிடும்."

டாக்டர் பழைய சீட்டை விரித்தார். கட்டுமானக் கம்பெனி மருத்துவர் எழுதியது: ஆணுறுப்பில் புண், வலி இல்லை, சிபிலிஸ் சந்தேகம். ஆனால் இரண்டு ரத்தப் பரிசோதனையிலும் சிபிலிஸ் இல்லை.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "ரத்தம் இல்லைங்குது, சீட்டு இருக்குங்குது. எதை நம்புறது?"

"இவர் உடம்பை." டாக்டர் திரையை இழுத்தார். "அந்தக் கம்பெனி டாக்டர் புண்ணைப் பார்த்தாரா?"

"இல்லைங்க. நான் சொன்னதை எழுதிக்கிட்டார்."

பார்த்து முடித்துக் கைகழுவியபோது, டாக்டர் குழாயைத் தேவைக்கு மேல் இறுக்கி மூடினார்.

"ஹெர்பிஸா இருக்குமோ?" என்றாள் நர்ஸ்.

"முதல்ல கொப்புளம் வந்திருக்கணும். வரலையாம். சிபிலிஸ் புண் வலிக்காது, கெட்டியா இருக்கும். இது மெத்துன்னு, ஓரம் பிஞ்சு, தொட்டா ரத்தம். ஒரு பக்கம் நெறி கட்டிச் சீழ் வச்சிருக்கு. இது சாங்கிராய்டு, வேற ஒரு பால்வினை நோய். வலி உயிர் போகும். இவரால உட்காரவே முடியல."

"அப்புறம் ஏன் வலி இல்லைன்னு எழுதினாங்க?"

டாக்டர் ஓட்டுநரைப் பார்த்தார். "உங்க கம்பெனில வைத்தியம் பார்க்கிறவரும், கிரேன்ல ஏறலாம்னு கையெழுத்துப் போடுறவரும் ஒரே ஆள். வலிக்குதுன்னா இறக்கிடுவார். அதானே?"

ஓட்டுநர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஒரு பொய்க்கு ஐந்து வாரம்." டாக்டரின் குரல் உயரவில்லை. "மாத்திரை ஒரே வேளைதான். சீழை ஊசியால எடுத்துடறேன். எச்.ஐ.வி. டெஸ்டும் உண்டு. ஒரு வாரத்துல வந்து காட்டணும். ஆனா உங்க சம்சாரமும் மாத்திரை போடணும். இல்லைன்னா திரும்ப வரும்."

"அவளுக்கு ஒண்ணும் இல்லையே."

"பொம்பளைங்களுக்கு வெளியே தெரியாமலும் இருக்கும். போய்ச் சொல்லுங்க."

கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. வெளியே பெஞ்சில் இருந்த மனைவியிடம் ஓட்டுநர் குனிந்து பேசினார். அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"போச்சு," என்றாள் நர்ஸ்.

"ஓடு. கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும், நோயை வேண்டாம்னு சொல்லு."

மனைவி திரும்பி வந்தாள். பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டாள். நர்ஸ் நீட்டிய தண்ணீரில் மாத்திரையை விழுங்கினாள். பிறகுதான் கணவன் பக்கம் திரும்பினாள்.

"நான் முன்னாடி போறேன். நீங்க அடுத்த பஸ்ல வாங்க."